கவுந்தப்பாடி சந்தை ஆயிரம் வருசப் பழசா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வாய்க்கால்மேட்டான் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம்ங்க. எனக்குச் சொந்த ஊர் பவானி வட்டத்தில் கவுந்தப்பாடிப் பக்கம். கோவையில் முதுகலை வரலாறு படிக்கிறேன். இந்த வருடம் ஆளுக்கொரு ஊரை எடுத்து அதன் வரலாற்றை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். கூடப் படிக்கிறவர்கள் கோயில் ஊர், கோட்டை ஊர் என்று பார்த்து எடுத்துக்கொண்டார்கள். நான் கவுந்தப்பாடியை எடுத்தேன். ஈரோட்டைத் தாண்டி எங்கே போய் ஊர்ப்பேரைச் சொன்னாலும் "நாட்டுச்சர்க்கரை ஏலம் போடுற ஊர்தானே" என்று கேட்கிறார்கள், சந்தைதான் ஊருக்கு அடையாளம், அதனால் இதை யாராவது எழுதியே ஆகணும் என்று தோன்றியது.

சிக்கல் என்னவென்றால், ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது. கவுந்தப்பாடியிலிருந்து ரோமாபுரிக்குச் சர்க்கரை போனது, சந்தைக்கு ஆயிரம் வருசத்துக்கு மேல் வயசு என்று அதில் இருக்கிறது. ஆசையாகப் பேராசிரியரிடம் காட்டினேன். ஆதாரம் எங்கே என்று கேட்டார், அதோடு சரி. எங்கள் அப்பாருவிடம் (தாத்தாங்க) கேட்டால் எந்த வருசம் மூட்டை என்ன விலை போச்சு, எப்போ விலை விழுந்துச்சு, இதைத் தவிர வேறு பேச்சே வரமாட்டேன் என்கிறது.

அதனால் கேட்கிறேன். இந்தச் சந்தை எப்போது இவ்வளவு பெரிதானது? சுற்றிலும் இத்தனை ஊர் இருக்கும்போது சர்க்கரை ஏன் இங்கே வந்து குவிகிறது? சந்தை நாளில் யார் யார் வந்தார்கள், எப்படிப் பழகினார்கள் என்பதையும் யாராவது சொன்னால் நல்லது, விலைப்பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு வரலாறு எழுத முடியாது.


பழைய பதிவேடு எழுதியது:

தம்பி, முதலில் அந்தச் செய்தியை ஒதுக்கி வைத்துவிடுங்கள். எழுதிய புண்ணியவான் கொடுமணலைத் தூக்கிவந்து கவுந்தப்பாடியில் இறக்கிவிட்டார். கொடுமணல் இருப்பது சென்னிமலைப் பக்கம், நொய்யல் கரையில். அங்கே தோண்டியதில் இரும்பு உருக்கிய தடயம், கல்மணி பட்டை தீட்டிய தடயம், தமிழி என்ற பழைய தமிழ் எழுத்து கீறிய பானை ஓடுகள் எல்லாம் கிடைத்தன. பதிற்றுப்பத்தில் வருகிற கொடுமணம் இதுதான் என்பார்கள். கொங்கு நாட்டில் ரோமானியக் காசுப் புதையல் கிடைத்ததும் உண்மை. ஆனால் அது பாலக்காட்டுக் கணவாயிலிருந்து கரூருக்குப் போன பெருவழியின் கதை. பவானி ஆற்றுப் பக்கம் இருக்கிற ஒரு ஊரின் சர்க்கரைச் சந்தைக்கு அதிலிருந்து நூல் இழுக்க முடியாது. சோழர் காலத்தில் ஐந்நூற்றுவர் என்ற வணிகக் கூட்டம் கொங்கு வழியாகப் போய் வந்ததற்குக் கல்வெட்டு உண்டு, சரி. அதை வைத்து நம் ஊரில் இன்றைக்கு ஏலம் போடுகிற கூடத்துக்கு வயசு கணக்குப் போடுவது வேண்டாத வேலை.

இன்றைக்கு நாம் பார்க்கிற கவுந்தப்பாடியை உண்டாக்கியது வாய்க்கால். 1948-இல் பவானிசாகர் அணை வேலை தொடங்கி 1955-இல் முடிந்தது. சுதந்திரம் வந்த கையோடு எடுத்த பெரிய பாசனத் திட்டங்களில் அது ஒன்று. சட்டமன்றத்தில் இருந்த தியாகி எம்.ஏ.ஈஸ்வரன் இந்த அணைக்காக விடாமல் மல்லுக்கு நின்றவர், உங்கள் கட்டுரையில் அவர் பெயர் கட்டாயம் வரணும். அணையிலிருந்து கிளம்பும் கீழ்பவானி வாய்க்கால் 200 கிலோமீட்டர் ஓடி 2,07,000 ஏக்கருக்குத் தண்ணீர் விடுகிறது. அதற்கு முன்னால் இந்தப் பக்கம் பெரும்பாலும் புன்செய்க் காடு. கம்பு, சோளம், ராகி, கிணறு இருந்தவர்களுக்குக் கவலை ஏற்றம், அதை இழுக்க ஒரு சோடி எருது. ஆற்றை ஒட்டிய கோபிப் பக்கத்துப் பழைய வாய்க்கால் நிலம்தான் நன்செய் என்று பேர் வாங்கியிருந்தது.

இப்போது நான் சொல்லப்போவதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் "வாய்க்கால் வந்தது, கரும்பு வந்தது, சந்தை வந்தது" என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகிறவர்கள் நிறைய. கீழ்பவானித் தண்ணீர் வருசம் முழுக்க ஓடுகிற தண்ணீர் இல்லை. ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று ஆயக்கட்டை, அதாவது வாய்க்கால் தண்ணீர் பாயும் நிலத்தை, பாதியாகப் பிரித்து முறை வைத்து விடுகிறார்கள், ஆடிக் கடைசியிலிருந்து மார்கழி தொடங்குவது வரை ஒரு பாதிக்கு நெல்லுக்கு, தை பிறந்த பிறகு மறு பாதிக்குக் கடலை, எள் மாதிரிப் பயிருக்கு. கரும்போ பத்துப் பன்னிரண்டு மாதம் நிலத்தில் நிற்கிற பயிர். நாலு மாதத் தண்ணீரை நம்பிக் கரும்பு போட முடியாது. அப்புறம் எப்படிக் கரும்பு வந்தது? மண் வாய்க்கால், கரையிலும் அடியிலும் கசிகிறது. கசிந்த தண்ணீர் கிணற்றில் ஊறியது, கிணற்றில் மோட்டார் வந்தது, அந்தத் தண்ணீரில் கரும்பும் மஞ்சளும் வாழையும் வந்தன. திட்டம் போட்ட பொறியாளர்கள் தாளில் காட்டாத தண்ணீர் அது. நாட்டுச்சர்க்கரைச் சந்தை நிற்பது அந்தக் கசிவின் மேல்தான் என்பது என் கருத்து.

சமீபத்தில் வாய்க்காலுக்குக் கான்கிரீட் போட 710 கோடி ரூபாய் ஒதுக்கியபோது ஊர் ஊராக மறியலும் உண்ணாவிரதமும் நடந்ததே, வாய்க்கால் கடைசியில் இருக்கிற கடைமடைக்காரர்கள் வேணும் என்றும் இந்தப் பக்கத்தார் வேண்டாம் என்றும் பிரிந்து நின்றார்களே, அதற்கும் காரணம் இந்தக் கசிவுதான். அதை அரசியல் சண்டையாக மட்டும் எழுதிவிடாதீர்கள்.


ஆலைக்கொட்டாய் எழுதியது:

பதிவேடு அண்ணா சொன்னது சரிங்க. நான் தொழில் பக்கம் இருந்து சொல்கிறேன், எங்கள் குடும்பம் ஆலை ஓட்டின குடும்பம். ஆலை என்றால் பெரிய புகைபோக்கி வைத்த சர்க்கரை ஆலை என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். எங்கள் ஊரில் ஆலை என்றால் தோட்டத்து ஓரத்தில் ஓலைக் கொட்டாய், ஒரு கரும்பு ஆட்டுகிற இயந்திரம், வரிசையாக அடுப்பு, மேலே கொப்பரை. ஒரு காலத்தில் எருது சுற்றி ஆட்டியது, அப்புறம் ஆயில் இன்ஜின், இப்போது கரண்ட் மோட்டார்.

வெட்டின கரும்பை ஒரு நாளைக்குள் ஆட்டிவிடணும், வைத்திருந்தால் சாறு புளிக்க ஆரம்பித்துவிடும். சாறைக் கொப்பரையில் விட்டுக் கொதிக்கும்போது கொஞ்சம் சுண்ணாம்பு விட்டால் அழுக்கு நுரையாக மேலே வரும், அதை அள்ளி எடுத்துக்கொண்டே இருக்கணும். எரிக்க விறகு வாங்க வேண்டியதில்லை, ஆட்டின சக்கையையே காயப்போட்டு எரிப்போம். பாகு பதம் பார்க்கிற ஆள்தான் அங்கே ராஜா. பச்சைத்தண்ணீரில் சொட்டு விட்டு விரலில் உருட்டிப் பார்ப்பார், அவர் கை காட்டினால்தான் கொப்பரையை இறக்கலாம். அச்சில் ஊற்றினால் அச்சு வெல்லம், உருட்டினால் உருண்டை வெல்லம். நாட்டுச்சர்க்கரை வேணும் என்றால் தொட்டியில் கொட்டி ஆற ஆறக் கிளறி, தேய்த்துத் தேய்த்துத் தூளாக்கணும், தோள்பட்டை கழன்றுவிடும். ஒரு டன் கரும்பு ஆட்டினால் சுமார் 100 கிலோ வரும், கரும்பு நன்றாக இருந்தால் கொஞ்சம் கூட.

ஏன் எல்லாரும் இதைச் செய்தார்கள் என்று கேட்டால், காசுதான் காரணம். ஆப்பக்கூடலில் சர்க்கரை ஆலை வந்த பிறகு கரும்பை அங்கேயும் கொடுக்கலாம் என்று ஆனது. ஆனால் ஆலைக்குப் பதிவு செய்த கரும்பென்றால் வெட்டு உத்தரவு வரும் வரை காத்திருக்கணும், பணமும் உடனே கைக்கு வராது. கொட்டாயில் ஆட்டிச் சனிக்கிழமை ஏலத்துக்குக் கொண்டுபோனால் அந்த வாரச் செலவுக்கு வழி பிறக்கும். விலை நன்றாக இருந்தால் கொட்டாய், விழுந்தால் ஆலை. அப்பாரு விலையை மட்டுமே பேசுகிறார் என்று தம்பி சலித்துக்கொள்ள வேண்டாம், அந்த விலைதான் அடுத்த வருசம் தோட்டத்தில் என்ன நிற்கும் என்று முடிவு பண்ணியது.

சர்க்கரை ஏன் கவுந்தப்பாடியில் குவிகிறது என்றால் பாதி பதில் பழனி. பஞ்சாமிர்தத்துக்கு வேண்டிய நாட்டுச்சர்க்கரையைப் பழனிக் கோயில் நிர்வாகம் கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் ஏலத்தில் எடுக்கிறது. 60 கிலோ மூட்டை, முதல் ரகம், இரண்டாம் ரகம் என்று பிரித்துப் போகும். தைப்பூசம், பங்குனி உத்திரம் வருகிறதென்றால் பஞ்சாமிர்தம் விற்கிற அளவைப் பொறுத்து இங்கே விலை அசையும். 2019-இல் பஞ்சாமிர்தத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எங்கள் ஊரில் பட்டாசு வெடித்திருக்கணும், யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு கசப்பான விசயமும் சொல்லிவிடுகிறேன், மறைத்து எழுதினால் வரலாறு ஆகாது. வாங்குகிறவர்கள் கலர் பார்க்க ஆரம்பித்த பிறகு வெளுப்புக்காக ஹைட்ரோஸ் என்ற ரசாயனம் போடுவதும், ரேஷன் அஸ்காவை (வெள்ளைச் சர்க்கரை) கலந்து காய்ச்சுவதும் இந்த மாவட்டத்தில் பல கொட்டாய்களில் நடந்தது, உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் வந்து பறிமுதல் பண்ணினார்கள், வழக்கும் போட்டார்கள். இப்போது சென்னைக்காரர்கள் கறுப்பாக இருந்தால்தான் அசல் என்று தேடுகிறார்கள். எங்கள் அப்பா காலத்தில் கறுத்த சர்க்கரைக்கு இரண்டாம் ரக விலைகூடக் கேட்கமாட்டார்கள். நல்ல கூத்து.


தராசுமுள் எழுதியது:

ரெண்டு பேரும் பொருள் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிட்டீர்கள். பொருள் இருந்தால் மட்டும் சந்தை வந்துவிடுமா? கரும்பு விளைகிற ஊர் எத்தனையோ இருக்கிறது, எல்லாம் சந்தை ஊர் ஆகவில்லையே. இது ஈரோடு - கோபி சாலையில் இருக்கிறது, பவானிக்கும் வழி பிரிகிறது, வண்டி நின்று திரும்ப இடம் இருந்தது. அது ஒன்று. இன்னொன்று நம்பிக்கை.

அந்தக் காலத்து மண்டியில் விவசாயி எப்படி நின்றான் என்று யோசியுங்கள். ஆலை போட முன்பணம் கொடுத்ததே மண்டிக்காரர்தான், அதனால் சரக்கு அவருக்குத்தான் போகணும். எடை போடுகிறவரும் அவர் ஆள். சாம்பிள் என்று ஒரு கை அள்ளுவார்கள், சாக்குக் கழிவு, ஈரக் கழிவு, கோயில் மகமை, கூலி, கமிஷன் என்று ஒவ்வொன்றாகப் பிடித்துவிட்டு மீதியைக் கையில் கொடுப்பார்கள். மகமை எழுதிவிட்டால் கேள்வி கேட்க முடியாது, சாமி காசு. இதற்காகத்தான் 1933-இல் சென்னை மாகாணத்தில் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் வந்தது, 1936-இல் திருப்பூரில் முதல் ஒழுங்குமுறைக் கூடம் பருத்திக்கு வந்தது. கவுந்தப்பாடிக் கூடம் அந்த வழியில் பிறகு வந்த ஒன்று, ஈரோடு விற்பனைக் குழுவின் கீழ் நடக்கிறது. இங்கே விவசாயியிடம் கமிஷன் பிடிக்கக் கூடாது, கட்டணம் சரக்கை எடுக்கிற வியாபாரியிடம்தான் பிடிக்கணும். குவியலுக்கு நம்பர் போடுவார்கள், வியாபாரி விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடணும், யார் என்ன எழுதினார் என்று பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. விலை பிடிக்கவில்லை என்றால் விவசாயி மூட்டையைக் கொடுக்காமல் கிடங்கில் வைத்து அதன் பேரில் கடன் வாங்கிக்கொள்ளலாம்.

இதையெல்லாம் சொல்வதால் மண்டி ஒழிந்துவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். மகள் கல்யாணத்துக்கு ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் தட்டினால் பணம் எடுத்துக் கொடுப்பவர் மண்டிக்காரர்தான், கூடத்து மேலாளர் கொடுக்கமாட்டார். அந்தக் கயிறு இன்னும் இருக்கிறது.

வாரச்சந்தையைத் தனியாகப் பாருங்கள், அது வேறு உலகம். கொங்கில் சந்தைகளுக்குக் கிழமை பிரித்து வைத்திருக்கிறார்கள், புன்செய் புளியம்பட்டி வியாழன், மொடச்சூர் சனி, பழையகோட்டை மாட்டுச்சந்தை ஞாயிறு, இப்படி. வியாபாரி ஒரே மூட்டையை வண்டியில் போட்டுக்கொண்டு கிழமைக்கு ஒரு ஊராகச் சுற்றுவார். அதனால்தான் ஒரு ஊர்ச் செய்தி நாலு நாளில் மாவட்டம் முழுக்கத் தெரிந்துவிடும். மாப்பிள்ளை பார்ப்பது, கடன் வாங்கியவனைப் பிடிப்பது, பங்காளிச் சண்டைக்குச் சமாதானம் பேசுவது எல்லாம் சந்தையில்தான் நடந்தது. மாட்டுத் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்க்க இன்றைக்கும் போகலாம், பக்கத்தில் நிற்கிற மாட்டுக்காரருக்கே என்ன விலை முடிந்தது என்று தெரியாது.


மேற்குத்தெரு எழுதியது:

எல்லாரும் தோட்டக்காரர், ஆலைக்காரர், வியாபாரி என்று பேசிக்கொண்டே போகிறீர்கள். யார் யார் வந்தார்கள், எப்படிப் பழகினார்கள் என்று கேட்டிருந்தீர்கள், அதற்கு நான் சொல்கிறேன். இது இந்த ஒரு ஊரின் கதை மட்டும் இல்லை, இந்தச் சுற்றுவட்டாரம் முழுக்க இப்படித்தான்.

கவலை ஏற்றத்தில் தண்ணீர் மொண்டு வருவது தோல் பறி. அதைத் தைத்தது, ஓட்டை விழுந்தால் ராத்திரியில் வந்து அடைத்தது, செருப்புத் தைத்தது எல்லாம் எங்கள் ஆட்கள். கூலி பணமாகக் கிடையாது, களத்து மேட்டில் தானியம். மோட்டார் வந்தது, பறி போனது. வாய்க்கால் வந்து ஊர் செழித்தது என்று எழுதும்போது, அந்த வேலை ஒரே தலைமுறையில் இல்லாமல் போனதையும் எழுதுங்கள். நிலம் இல்லாதவர்களுக்குக் கசிவுத் தண்ணீரால் என்ன வந்தது? கரும்பு வெட்டும் வேலை வந்தது, கொட்டாயில் சக்கை அள்ளும் வேலை வந்தது, சந்தையில் மூட்டை தூக்கும் வேலை வந்தது. வேலை கூடியது, கூலி பணமாக ஆனது, அதை மறுக்கவில்லை. பணமாக ஆனதே ஒரு பெரிய விடுதலை, தானியம் வாங்கக் களத்தில் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

என் பாட்டி சந்தைக்குக் கூடை கொண்டுபோய் விற்றவள். சந்தைக்குள் இடம் கிடையாது, சுங்கம் கொடுத்தாலும் ரோட்டோரம்தான் உட்காரணும். டீக்கடையில் தனிக் குவளை. பெரியார் பிறந்த மாவட்டம் என்று மேடையில் பேசுகிற ஊர்களில்தான் இதுவும் நடந்தது. ஆனால் ஒன்று, ஊருக்குள் நடக்க முடியாத தெருக்கள் இருந்த காலத்தில் சந்தை மேட்டில் மட்டும் நடக்கலாம், கூட்டத்தில் தோள் இடிக்கும், யாரும் நின்று கேட்க முடியாது. வெளியூர் வியாபாரிக்கு நாம் யார் என்று தெரியாது, காசு கொடுத்தால் சாமானைக் கையில் கொடுப்பார். "அண்ணா, நூறு கிராம் மிளகாய் போடுங்க" என்று கேட்டால் "வாங்கம்மா" என்று சொல்கிற ஒரே இடம் அதுதான் என்று பாட்டி சொல்லும். சந்தையை யாரும் சும்மா புகழ வேண்டாம், சும்மா திட்டவும் வேண்டாம்.

இன்றைக்குக் கொட்டாய்களில் பாதிக்குப் பாதி வடநாட்டுப் பசங்க வேலை செய்கிறார்கள். குடும்பத்தோடு கொட்டாயிலேயே தங்குகிறார்கள். அவர்களிடமும் போய்ப் பேசுங்கள், அதுவும் இந்தச் சந்தையின் வரலாறுதான்.


வாய்க்கால்மேட்டான் எழுதியது:

இவ்வளவு வரும் என்று நினைக்கவே இல்லைங்க, எல்லோருக்கும் நன்றி. மேற்குத்தெரு அக்கா (அண்ணாவாக இருந்தால் மன்னிக்கணும்), உங்கள் பாட்டி சொன்னதைப் பெயர் போடாமல் கட்டுரையில் சேர்க்கலாமா? பதிவேடு அண்ணா, கசிவு விசயத்தைத்தான் மையமாக வைக்கலாம் என்றிருக்கிறேன், அதற்கு எழுத்தில் ஆதாரம் எங்கே தேடுவது? தாலுகா அலுவலகத்தில் கேட்டேன், எதைக் கேட்கிறாய் என்றே அவர்களுக்குப் புரியவில்லை.


மேற்குத்தெரு எழுதியது:

அக்காதான். சேர்த்துக்கொள்ளுங்கள். ஊர்ப்பேரையும் போட வேண்டாம். தனிக் குவளையை மட்டும் வெட்டிவிடாதீர்கள், பேராசிரியர் வெட்டச் சொன்னாலும்.


பழைய பதிவேடு எழுதியது:

தாலுகாவில் பொத்தாம்பொதுவாகக் கேட்டால் அப்படித்தான். ஏ பதிவேடு என்று பேர் சொல்லிக் கேளுங்கள், அதில் எந்தப் புல எண் புன்செய், எது நன்செய் என்று இருக்கும், அணைக்கு முந்தின பதிவையும் பிந்தினதையும் பக்கத்தில் வைத்தால் ஊர் மாறியது கண்ணுக்குத் தெரியும். கிணற்றுப் பாசனக் கணக்கு கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் வருசா வருசம் ஏறியிருக்கும், கரும்பு எத்தனை ஏக்கர், எந்தத் தண்ணீரில் என்பதும் அங்கேதான். இன்னொரு விசயம், சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போனால் ஈரோடு மாவட்டம் என்று தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். 1979 வரை நாம் கோயம்புத்தூர் மாவட்டம், அதன் பிறகு கொஞ்ச காலம் பெரியார் மாவட்டம். பழைய கோப்பு எல்லாம் கோயம்புத்தூர், பவானி தாலுகா என்றுதான் கட்டி வைத்திருப்பார்கள். வாரச்சந்தைச் சுங்க ஏலக் கணக்கு வேணும் என்றால் ஊராட்சி அலுவலகத்திலும் ஒன்றிய அலுவலகத்திலும் கேளுங்கள், யார் எவ்வளவுக்கு எடுத்தார் என்று பார்த்தாலே அந்தக் காலத்தில் ஊரில் யார் கை ஓங்கியிருந்தது என்று புரிந்துவிடும்.


ஆலைக்கொட்டாய் எழுதியது:

தம்பி, காகிதத்தை அப்புறம் பாருங்கள். சனிக்கிழமை காலையிலேயே கூடத்துக்கு வந்துவிடுங்கள், ஏலம் முடிந்து எடை போட ஆரம்பித்துவிட்டால் யாரும் பேசமாட்டார்கள். சுமைக்காரர்களில் வயசான ஆள் ரெண்டு பேர் இருக்கிறார்கள், எருது ஆலையிலிருந்து இ-நாம் (இணையவழி ஏலம்) வரைக்கும் பார்த்தவர்கள். கூடவே அப்பாருவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், விலைக் கணக்கை அவர் ஆரம்பித்தால் எதிர்த்துப் பேச ஆள் கிடைக்கும், மற்றதெல்லாம் தானாக வரும்.